பைலைனை வைத்துப் பத்திரிகைப் பெண்களின் வரலாற்றை எழுத முடியுமா?

பழையதாள்:
நாளிதழ்களில் பணிபுரிந்த பெண்களைப் பற்றி ஆராய்பவர்கள் பைலைனிலிருந்துதான், அதாவது செய்தியோடு அச்சாகும் எழுதியவர் பெயரிலிருந்துதான், தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. பழைய இதழ்கள் பல டிஜிட்டலில் வந்துவிட்டன. பெயரைப் போட்டுத் தேடினால் எந்தத் தேதியில் எதைப் பற்றி எழுதினார் என்பது கையில் கிடைக்கும். 1887-ல் அமெரிக்க நிருபர் நெல்லி பிளை மனநோயாளி போல நடித்துக் காப்பகத்துக்குள் போய், நியூயார்க் வேர்ல்ட் நாளிதழில் எழுதினார். பெயர் அச்சில் இருப்பதால் அதில் யாருக்கும் ஐயமில்லை. மற்றதெல்லாம் ஊகம்.

மைத்துளி:
நெல்லி பிளை என்பதே புனைபெயர்தான். இயற்பெயர் எலிசபெத் காக்ரன். அதாவது பெயர் இருக்கும் இடத்திலேயே தேடல் வழுக்குகிறது.

பெயரே இல்லாத இடத்துக்கு வாருங்கள். 1939 ஆகஸ்டில் ஜெர்மன் டாங்கிகள் போலந்து எல்லையில் குவிந்திருப்பதை முதலில் வெளியிட்டது பிரிட்டிஷ் நாளிதழான டெய்லி டெலிகிராஃப். எழுதியவர் கிளேர் ஹாலிங்வொர்த், வேலையில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாதவர். செய்தியில் அவர் பெயர் இல்லை, ‘நமது நிருபர்’தான். 1702-ல் லண்டனில் டெய்லி கூரன்ட் நாளிதழைத் தொடங்கிய எலிசபெத் மாலெட்டும் தாளில் வெறும் ‘இ. மாலெட்’. இவர்களை எந்தத் தேடல் பெட்டி காட்டும்?

பழையதாள்:
அன்று ஆண்களுக்கும்தான் பைலைன் கொடுக்கவில்லை. எல்லாருக்கும் பொதுவான வழக்கத்தைப் பெண்களை மறைத்ததாக வாசிப்பது சரியல்ல.

மைத்துளி:
வழக்கம் பொதுதான், விளைவு பொதுவல்ல. ‘நமது நிருபர்’ என்றதும் வாசகர் மனத்தில் ஓர் ஆண்தான் வந்து நிற்கிறார். பின்னால் வரும் ஆய்வாளரும் அப்படியே எடுத்துக்கொள்கிறார்.

ஊகிக்கச் சொல்லவில்லை, வேறு காகிதங்களைப் பாருங்கள் என்கிறேன். சம்பளப் பதிவேடு, ஆசிரியருடன் நடந்த கடிதப் போக்குவரத்து, வழக்குக் கட்டுகள். பாகுபாடு காட்டுவதாக நியூயார்க் டைம்ஸ் மீது அதன் பெண் ஊழியர்கள் 1974-ல் வழக்குத் தொடுத்தார்கள், 1978-ல் சமரசமானது. வழக்கின் தலைப்பில் இருப்பவர் எலிசபெத் பாய்லன். பெட்ஸி வேட் என்று அறியப்பட்ட அவர் 1956-ல் அங்கே காப்பி எடிட்டராகச் சேர்ந்த முதல் பெண். பிறர் எழுதியதைத் திருத்துபவருக்குப் பைலைன் ஏது? உங்கள் முறைப்படி தேடினால் அவருடைய டெஸ்க் வேலை முழுவதும் காணாமல் போகும்.

செய்திமேசை:
நான் மைத்துளி அக்கா பக்கம். வாஷிங்டனில் பத்திரிகையாளர் சங்கமான நேஷனல் பிரஸ் கிளப் 1971 வரை பெண்களை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. அங்கே தலைவர்கள் பேசும்போது பெண் நிருபர்கள் மாடத்தில் நின்று குறிப்பெடுத்தார்கள், கேள்வி கேட்க அனுமதி இல்லை. மறுநாள் வந்த செய்தியில் இதற்கு ஒரு தடயமாவது இருக்குமா? நின்றவர்கள் சொன்னால்தான் உண்டு.

பழையதாள்:
வழக்குக் கட்டை ஏற்கிறேன், அது ஆவணம். முப்பது ஆண்டு கழித்துச் சொல்லும் நினைவை அதே தட்டில் வைக்க மாட்டேன். ஆண்டு மாறும், ஆள் மாறும். முதலில் அச்சில் தேதியை உறுதிசெய்யுங்கள், பிறகு பேட்டிக்குப் போங்கள்.

மைத்துளி:
சரிபார்ப்பதில் நமக்குள் சண்டையே இல்லை, வரிசையில்தான். பழைய இதழ்களைப் படமெடுத்து வைத்த மைக்ரோஃபிலிமை அடுத்த ஆண்டும் பார்க்கலாம். எண்பது வயதைத் தாண்டிய நிருபரிடம் அப்படித் தள்ளிப்போட முடியாது. முதலில் பேட்டி, பிறகு தேதி.