உறக்கத்தில் மூச்சுத் தங்கி முனகும் நிலைக்கு ஒரு தமிழ்ச்சொல்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் நான் தொடங்கிய இழையில், 'கேட்டத்ரீனியா' என்று மருத்துவர்கள் வழங்கும் நிலைக்கு இணையாக அனத்தல், அரற்றல், அனுங்கல், துயில்முரற்சி, மூச்சடக்கு முனகல் ஆகிய ஐந்து சொற்களை முன்மொழிந்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றையும் பல முறை சொல்லிப் பார்த்தும், வீட்டாரிடம் சொல்லிக் கேட்டும் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இந்நிலை பதினெட்டு ஆண்டுகளாக எனக்கு இருக்கிறது. ஆகவே இதற்கு வைக்கப்படும் பெயர் அகராதிப் பக்கத்தில் மட்டும் அல்லாமல் என் படுக்கையறையிலும் புழங்கப்போகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இம்மடலைப் படிக்க வேண்டுகிறேன்.

சொல்லுக்கு முன் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம், ஏனெனில் இழையில் வந்த சில கருத்துகள் இதைக் குறட்டையின் ஒரு வகை என்றே கொண்டிருந்தன. குறட்டை பெரும்பாலும் மூச்சை உள்ளிழுக்கும்போது எழுவது; தொண்டையின் மென்தசைகள் அதிர்வதால் வருவது. இதுவோ மூச்சு வெளியேறும்போது குரல்வளையில் பிறப்பது. உறங்குபவர் முதலில் ஆழமாக ஒரு மூச்சை இழுக்கிறார். அது வழக்கம்போல் உடனே திரும்பாமல் நெஞ்சிலேயே தங்குகிறது. குரல்வளையின் வாய் ஏறக்குறைய மூடி, ஓர் இடுக்கை மட்டும் விட்டிருக்க, அதன் வழியே காற்று மிக மெல்லக் கசிகிறது. முக்கால் பங்கு இறக்கிய மதகுப் பலகையின் அடியில் ஏரி நீர் ஒரே சீராக இரைந்துகொண்டு வெளியேறுவதைப் பார்த்தவர்கள் இதை எளிதில் உணர்வார்கள். அந்தக் கசிவில் ஒரே சுருதியில் நீளும் ஓர் ஒலி எழுகிறது. சில நொடிகளில் முடிவதும் உண்டு, 40 நொடிகளைக் கடப்பதும் உண்டு. இறுதியில் எஞ்சிய காற்று சட்டென்று வெளியேற, உறங்குபவர் அரைகுறையாக விழித்து மீண்டும் உறங்கிப்போகிறார், அல்லது விழிக்காமலே அடுத்த ஆழ்மூச்சை இழுக்கிறார். இப்படிக் கொத்துக் கொத்தாக, பெரும்பாலும் இரவின் பின்பாதியில், கனவு மிகுந்த விரைவுக் கண்ணசைவு உறக்கத்தின்போது இது நிகழ்கிறது.

என் மனைவி ஓர் இரவு கைப்பேசியில் பதிவு செய்ததை மறுநாள் காலை நான் கேட்டேன். முதலில் மின்விசிறியின் ஓசை, பிறகு ஒரு நீண்ட உள்மூச்சு, அதன்பின் எதுவுமே இல்லாத சில நொடிகள். அந்த இடைவெளியில், உயிரோடு அமர்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கே நெஞ்சு படபடத்தது. பிறகு அந்த ஒலி. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன்: 26 நொடிகள். வலியால் துடிக்கும் ஒருவரின் குரல் என்றுதான் எவரும் சொல்வார்கள். ஆனால் அவ்வேளையில் என் முகம் எப்படி இருந்தது என்று மனைவியைக் கேட்டபோது, "ஒண்ணுமே இல்லீங்க, குழந்தை தூங்குற மாதிரி இருந்துச்சு" என்றார். எனக்கும் எந்த வலியும் நினைவில் இல்லை; காலையில் தொண்டை சற்று வறண்டிருந்தது, அவ்வளவே. ஒலிக்கும் உறங்குபவரின் நிலைக்கும் உள்ள இந்தப் பொருத்தமின்மைதான், என் கருத்தில், கலைச்சொல் ஆக்குபவர் முதலில் கவனிக்க வேண்டிய செய்தி.

மருத்துவம் இதைக் கவனித்தே நெடுங்காலம் ஆகவில்லை. 1983இல் பெல்ஜியத்தில் ஒருவரது நிலையை முதன்முதலாகப் பதிவு செய்தார்கள். கிரேக்க வேரிலிருந்து ஆக்கிய இன்றைய பெயர் 2001இல்தான் ஆய்வேடுகளில் இடம்பெற்றது. 'கட்டா' என்றால் கீழே. 'த்ரேனோஸ்' என்றால் இறந்தவரைக் குறித்துப் பாடும் இரங்கற்பாட்டு, அதாவது நம் ஒப்பாரி. உறக்கக் கோளாறுகளின் பன்னாட்டு வகைப்பாடு 2005இல் இதை உறக்கத்தில் நடப்பது, உளறுவது போன்றவற்றோடு சேர்த்தது. 2014இல் வெளிவந்த பதிப்பு அங்கிருந்து எடுத்து மூச்சு தொடர்பான பகுதிக்கு மாற்றியது. மருத்துவ உலகமே இதை நடத்தையாகப் பார்ப்பதிலிருந்து மூச்சாகப் பார்ப்பதற்கு நகர்ந்திருக்கிறது. கிரேக்கப் பெயரோ பழைய இடத்திலேயே, துயரத்தில் நிற்கிறது. நாம் அதை வேருக்கு வேர் பெயர்த்தால் அத்துயரத்தையும் சேர்த்தே இறக்குமதி செய்வோம்.

இந்த அளவுகோலில் உரைத்தால் மூன்று சொற்கள் விலகிவிடுகின்றன. அரற்றல் என்பது வாய்விட்டு அழுது புலம்புவது. சொற்கள் இருந்தால்தான் அரற்றல், இங்கே சொல் ஏதும் இல்லை. அனத்தல் எங்கள் பக்கத்தில் இன்றும் உயிரோடிருக்கும் அருமையான சொல். ஆனால் "பிள்ளை ராவெல்லாம் அனத்துச்சு" என்றால் நெற்றியில் கைவைத்துப் பார்க்கத்தான் தோன்றும். காய்ச்சல் அச்சொல்லின் உள்ளேயே இருக்கிறது. யாழ்ப்பாணத்து அன்பர் தந்த அனுங்கல் என்பதும் ஒலியளவில் மிகப் பொருத்தமானது, அதன் மூக்கொலியே காதில் இரீங்கரிக்கிறது. எனினும் நோயாளியின் இயலாமையும் குழந்தையின் சிணுங்கலும் அதில் கலந்திருப்பதாக அவரே எழுதியிருக்கிறார்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. என் அம்மா பல ஆண்டுகள் இவ்வொலியைக் கேட்டு, பிள்ளைக்கு யாரிடமும் சொல்ல முடியாத ஏதோ ஒரு துன்பம் இருக்கிறது என்றே நம்பினார். அமுக்குவான் அமுக்குகிறான் என்று அண்டை வீட்டார் சொல்ல, தலையணைக்கு அடியில் இரும்புத் துண்டும் நெற்றியில் திருநீறும் வந்தன. இரவில் என்னை உலுக்கி எழுப்பி, "என்னப்பா செய்யுது, சொல்லுப்பா" என்பார். நான் எதுவும் இல்லை என்பேன். மறைக்கிறேன் என்று அழுவார். பார்த்த முதல் மருத்துவர் இது குறட்டைதான், எடையைக் குறைக்கவும் என்று எழுதினார். பிறகு ஒரு மருத்துவமனையில் உடம்பெல்லாம் மின்கம்பிகளை ஒட்டி இரவு முழுவதும் உறக்கப் பதிவு எடுத்தார்கள். மூளையிலிருந்து வரவேண்டிய ஆணை தவறியதால் மூச்சு நிற்கிறது என்று அதன் முதல் அறிக்கை சொன்னது. வரைபடத்தில் மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஏனெனில் நெஞ்சு அசையாத நீண்ட இடைவெளி இரண்டிலும் உண்டு. ஒலியையும் சேர்த்துக் கேட்ட ஒரு மருத்துவர்தான் வேறுபாட்டைக் கண்டு பெயரைச் சொன்னார். குருதியில் உயிர்வளி பெரிதாகக் குறையவில்லை என்பதையும் காட்டினார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அப்பெயரைச் சொன்னேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, "இதுக்குத் தமிழ்ல பேர் இல்லையாப்பா? வாயில நுழையாத நோய நான் யாருகிட்ட போய் என்னன்னு சொல்றது?" என்று கேட்டார். இந்த இழையின் தொடக்கம் அக்கேள்விதான்.

அடுத்து, மூச்சுத் தங்கும் பகுதிக்கு என்ன பெயர் என்பது. இங்கேதான் தமிழ் நம்மைச் சோதிக்கிறது, பிறகு கைகொடுக்கவும் செய்கிறது. மூச்சடக்கு என்பது பிறவினை. ஒருவர் தானாக முயன்று செய்வது. முத்துக்குளிப்பவர் மூச்சை அடக்குகிறார், யோகம் பயில்பவர் கும்பகத்தில் மூச்சை அடக்குகிறார். உறங்குபவரிடம் அம்முயற்சி இல்லை. சரி, தன்வினையாக்கி மூச்சடங்கல் என்றால் ஆள் இறந்துவிட்டார் என்று பொருளாகிறது. மூச்சு நிற்றலுக்கும் அதே கதி. மூச்சுப்பிடிப்பு என்றால் பாரம் தூக்கியபின் விலாவில் ஏற்படும் சுளுக்கு. அதற்கு எண்ணெய் தேய்த்து ஒத்தடம் கொடுப்பார்கள். மூச்சடைப்பு, மூச்சுத்திணறல் என்பவை தொண்டை அடைபட்டு உயிர்வளி குறையும் நோயைக் குறிக்க ஏற்கெனவே வழங்குகின்றன; அவற்றோடு இது குழம்பிவிடக் கூடாது. மூச்சுத்தேக்கம் என்று ஒரு கணம் எழுதிப் பார்த்தேன். மதகு உவமைக்கு அது ஒத்துவந்தாலும், சிறுநீர்த்தேக்கம் போல வெளியேற்றப்பட வேண்டிய ஒன்று என்ற தொனி வந்துவிடுகிறது.

எஞ்சுவது தங்குதல். தங்கு என்பது தன்வினை. எவரும் தங்கவைக்கவில்லை, மூச்சு தானே தங்குகிறது. தங்குவது பிறகு கிளம்பிவிடும் என்ற உறுதியும் அச்சொல்லிலேயே இருக்கிறது. ஆகவே இப்பகுதியை 'மூச்சுத்தங்கல்' என்று குறிக்கலாம் என்பது என் முன்மொழிவு. தன் விருப்பம் இல்லாமல் நிகழ்வது என்று தனியே ஓர் அடைமொழி சேர்க்கத் தேவையில்லை; வினையின் வடிவமே அதைச் சொல்லிவிடுகிறது.

இனி ஒலிக்கான பெயர். துயில்முரற்சி என்னை மிகவும் ஈர்த்தது. வண்டு முரல்வதைப் போல ஒரே சுருதியில் நீள்வது என்பதால் ஒலியியல் நோக்கில் ஐந்து சொற்களிலும் இதுவே மிகத் துல்லியமானது. துன்பச் சாயலும் இல்லை. ஆயினும் இரவு மூன்று மணிக்குக் கேட்பது வண்டின் ஒலியன்று, மனிதக் குரல். மருத்துவரின் எதிரே அமர்ந்து "எனக்குத் துயில்முரற்சி" என்று சொல்ல என் அம்மாவால் இயலாது, அவர் சொன்னாலும் கேட்பவருக்கு விளங்காது. எல்லா வீடுகளிலும் மக்கள் தாமாகச் சொல்லும் சொல் ஒன்றே: முனகுகிறான், முனங்குகிறாள். அதை ஒதுக்கிவிட்டு வேறு சொல் தேடுவது, கிணற்றடியில் நின்றுகொண்டு தண்ணீருக்கு ஊர் சுற்றுவதற்கு ஒப்பாகும்.

முனகல் என்பதன்மீது திரைப்படமும் மலிவான பேச்சும் ஏற்றிவைத்திருக்கும் வேறொரு பொருளைச் சுட்டி ஓர் அன்பர் தயங்கியிருந்தார். அவர் சொன்னது உண்மை. கல்லூரி விடுதியில் அதை வைத்தே என்னைக் கேலி செய்தார்கள். நான்காம் மாதம் அறையை மாற்றிக்கொண்டு, அதன்பின் எல்லோரும் உறங்கியபிறகே உறங்கப் பழகினேன். இரவுப் பேருந்தில் ஏறுவதை இன்றும் தவிர்க்கிறேன். இருந்தும் அச்சொல்லை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. புணர்ச்சி என்னும் சொல்லை எழுத்திலக்கணத்தில் ஆசிரியர்கள் வகுப்பறையில் தயக்கமின்றிச் சொல்கிறார்கள், மாணவர்கள் விதிகளை மனப்பாடம் செய்கிறார்கள். துறை தெளிவாக இருக்கும்போது சொல் தன் துறைப்பொருளில் நிலைகொள்கிறது. வெட்கத்துக்கு அஞ்சிப் பொதுச்சொல்லைக் கைவிட்டால், வெட்கம்தான் இந்நிலையை இத்தனை ஆண்டுகள் மறைத்துவைத்தது என்பதை மறந்தவர்கள் ஆவோம்.

ஆனால் வெறும் முனகல் போதாது. எல்லோரும் எப்போதாவது முனகுகிறோம். புரண்டு படுக்கும்போதும் கனவிலும் குறுமுனகல் எழுவது இயல்பு. இந்நிலையை அவற்றிலிருந்து பிரிப்பது அதன் நீளம். எனவே 'நெடுமுனகல்' என்று வைக்கலாம் என்று கருதுகிறேன். துறைநூல்களில் முழுமை வேண்டுமிடத்து 'உறக்க நெடுமுனகல்' என்று எழுதலாம். நெடுமூச்சு என்ற சொல்லின் எதிரொலி இதில் கேட்பது தற்செயலான நன்மை. நெடுமூச்சை நாம் எப்போதும் விடுகிறோம். யாரும் இழுப்பதாகச் சொல்வதில்லை. வெளிமூச்சில் நிகழ்வது என்னும் செய்தியை இதனால் சொல் தன் உறவின் வழியே ஓரளவு சுமந்துவிடுகிறது. வெளிமூச்சு முனகல் என்று நேராகவே சொல்லலாமே என்று மருத்துவ நண்பர் கேட்கக்கூடும். விளக்கமாக அது சரி. பெயராகச் சொல்ல நீளம், குறட்டை என்பதைப் போல ஒரே மூச்சில் வரவில்லை.

உள்ளவரைக் குறிக்க 'நெடுமுனகலர்' போன்ற ஆக்கங்கள் வேண்டா என்று கேட்டுக்கொள்கிறேன். நெடுமுனகல் உள்ளவர் என்றாலே போதும். இது பலருக்குத் தீங்கற்ற நிலை. சிலருக்குப் பகல் சோர்வு உண்டு. பக்கத்தில் படுப்பவரின் உறக்கம் கெடுவதுதான் பெரும்பாலும் முதன்மையான இடர். மூக்கின் வழியே காற்றழுத்தம் தரும் கருவி சிலருக்குப் பயன்பட்டிருக்கிறது. எனக்கு ஒருக்களித்துப் படுப்பதும், மனைவிக்குக் காதடைப்பானும், எல்லாவற்றுக்கும் மேலாக இது துன்பமன்று என்று இருவரும் அறிந்திருப்பதும் போதுமானதாக இருக்கின்றன. மூச்சு அடைபடும் நோய் உடன் இருக்கிறதா என்பதை உறக்கப் பதிவின் வழியே ஒரு முறையேனும் பார்த்துவிட வேண்டும் என்பதைக் கலைக்களஞ்சியக் கட்டுரை எழுதும் அன்பர்கள் தவறாமல் சேர்க்க வேண்டுகிறேன்.

அகராதிப் பதிவுக்கான வரைவு பின்வருமாறு: 'நெடுமுனகல் (பெயர்ச்சொல்): உறக்கத்தில் ஆழ்ந்த உள்மூச்சைத் தொடர்ந்து மூச்சுத்தங்கல் நேர்ந்து, ஒடுங்கிய குரல்வளை வழியே காற்று நீண்டு வெளியேறுகையில், உறங்குபவர் அறியாமல் எழும் ஒரே சீரான குரலொலி, அவ்வொலி மீண்டும் மீண்டும் எழும் நிலை.'

இதில் எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. மூச்சுத்தங்கல் என்பதில் வன்தொடர்க் குற்றியலுகரத்தின் பின் வல்லினம் மிகுவதால் ஒற்று வேண்டும் என்றே எழுதியிருக்கிறேன். இலக்கணம் அறிந்தோர் சரிபார்க்க வேண்டும். இரண்டாவது, குரல்வளையின் வாய் என்று நான் சுற்றி எழுதியிருக்கும் உறுப்புக்கு மிடறு என்ற பழஞ்சொல்லை அடிப்படையாகக் கொண்டு 'மிடற்றுவாய்' என்று ஆளலாமா? இலக்கண நூலார் எழுத்தொலி பிறக்கும் இடங்களுள் ஒன்றாக மிடற்றைச் சொல்வதால் பொருந்தும் என்று தோன்றுகிறது. ஆனால் உடற்கூற்றியல் பாடநூல்களில் வேறு சொல் நிலைபெற்றிருந்தால் அதையே ஏற்றுக்கொண்டு வரைவைத் திருத்திவிடுகிறேன்.

அன்புடன்.