ஹாக்கி ஆட்டத்தைக் கணினியில் பதிவு செய்ய எந்த டியூனர் கார்டு?

ஸ்கார்பரோவாசி:
கேபிள் இணைப்பை நிறுத்திவிட்டோம். அப்பாவுக்குத்தான் மனக்குறை. இரவுக் காவல் வேலைக்குப் போகிறவர். சனிக்கிழமை கனடாவின் பொதுத் தொலைக்காட்சியான சிபிசியில் வரும் ஹாக்கி ஆட்டத்தை ஞாயிறு காலை வீடு திரும்பியதும் பார்ப்பார். கனடா வந்த புதிதில் அந்த வர்ணனையைக் கேட்டுத்தான் ஆங்கிலம் பழகினார். அதை எச்டி தரத்தில் கணினியில் பதிவு செய்து வைக்க ஆசை. 2006-இல் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய டிவி டியூனர் கார்டு (ஆன்டெனா சிக்னலைக் கணினிக்குத் தரும் அட்டை) பத்திரமாக இருக்கிறது. ஆனால் புது மதர்போர்டில் அது பொருந்தும் ஸ்லாட்டே இல்லை. வேறு வழி உண்டா?

கூரைமேல்ஆன்டெனா:
தம்பி, அந்தக் கார்டை நினைவாக வைத்துக்கொள்ளுங்கள். அது பிசிஐ என்ற பழைய ஸ்லாட்டுக்கான வகை. இப்போதைய போர்டுகளில் பிசிஐ எக்ஸ்பிரஸ்தான். ஸ்லாட் இருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் அது இந்திய அனலாக் ஒளிபரப்புக்கானது. டொரண்டோவில் 2011 ஆகஸ்ட் 31-க்குப் பிறகு ஏடிஎஸ்சி என்ற வட அமெரிக்க முறை டிஜிட்டல் ஒளிபரப்பு. பெட்டியில் ஏடிஎஸ்சி என்று இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். மலிவு விலையில் வரும், ஐரோப்பிய டிஜிட்டல் முறைக்கான டிவிபி-டி கார்டு இங்கே ஒரு சேனலையும் பிடிக்காது.

என்னிடம் இருப்பது ஹாப்பாக் நிறுவனத்தின் குவாட்எச்டி கார்டு. ஆன்டெனா இணைப்பு ஒன்றுதான், உள்ளே நான்கு டியூனர்கள். ஒரே நேரத்தில் நான்கு சேனல்களைப் பதிவு செய்யலாம். மிகச் சிறிய பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்1 ஸ்லாட்டே போதும். கார்டைச் செருக எனக்குப் பத்து நிமிடம் ஆனது. ஆன்டெனாவுக்கு மூன்று வார இறுதிகள் போயின! முதலில் நிலவறையில் வைத்தேன், படம் கட்டம் கட்டமாகச் சிதறியது. அனலாக் காலத்தில் சிக்னல் குறைந்தால் புள்ளி விழும், ஆனாலும் ஆள் தெரியும். டிஜிட்டலில் அந்த இடைநிலை கிடையாது: முழுத் தெளிவு, இல்லையேல் இப்படிச் சிதறும், அல்லது ஒன்றுமே வராது. சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் வாங்கி மாட்டினேன், இன்னும் மோசமானது. ஒளிபரப்புக் கோபுரமான சிஎன் டவர் இவ்வளவு அருகில் இருக்கும்போது பூஸ்டர் டியூனரைத் திணறடித்துவிடும். அதைக் கழற்றிவிட்டு, ஆன்டெனாவை மாடி அறையின் தென்மேற்கு ஜன்னலுக்கு மாற்றியதும் சிபிசி அசையாமல் நின்றது. அமெரிக்காவின் பஃபலோ நகரச் சேனல்களும் வேண்டுமென்றால் கூரைக்குத்தான் போக வேண்டும். அவை ஏரிக்கு அக்கரையிலிருந்து, தெற்கிலிருந்து வருகின்றன.

ஸ்கார்பரோவாசி:
மிக்க நன்றி அண்ணா. அதே கார்டை வாங்கிப் போட்டேன். தங்கையின் அறை ஜன்னலில் ஆன்டெனா. பதிவுக்கு நெக்ஸ்ட்பிவிஆர் என்ற மென்பொருள், அது இலவசம். பனிக்கட்டியில் சறுக்குக் காலணி கீறிய கோடுகூடத் தெரிகிறது என்று அப்பா வியந்தார். ஒரே வருத்தம், ஆட்டம் சமனாகிக் கூடுதல் நேரம் தொடங்கியபோது பதிவு நின்றுவிட்டது. யார் வென்றார்கள் என்று அவர் என்னிடம் கேட்க வேண்டியதாயிற்று.

வட்டுநிறைந்தவர்:
பதிவின் முடிவு நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டி வையுங்கள். பிளேஆஃப் எனும் கோப்பைக்கான வெளியேற்றுச் சுற்றுக் காலத்தில் அதுவும் போதாது. கோல் விழும்வரை இருபது இருபது நிமிடமாக நீளும், மூன்று மணி நேரம் கூட்டுங்கள். வட்டில் இடம் இருக்கிறதா? ஒரு ஏடிஎஸ்சி அலைவரிசை நொடிக்கு 19.39 மெகாபிட், அதாவது மணிக்கு 8.7 ஜிபி வரை. மூன்று மணி நேர ஆட்டத்துக்கு 26 ஜிபி ஒதுக்குங்கள். அப்பா பார்த்து முடித்த பிறகு மட்டும் அழியுங்கள்.