தாத்தாவின் பூர்வீக ஊர் முசிறி தாலுகாவில் எது? வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நீலகிரி பந்தலூர் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 1974இல் இலங்கையின் தலைமன்னாரில் கப்பலேறி வந்த குடும்பம். தாத்தாவின் பூர்வீக ஊர் தெரியவில்லை. அவர் பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டம். குடும்ப அட்டையில் ‘திருச்சி ஜில்லா, முசிறி தாலுகா’ வரை படிக்க முடிகிறது. ஊர்ப் பெயர் மேல் பூஞ்சை. கடைசி எழுத்து ‘டி’. ஏதோ ஒரு பட்டி. அந்தப் பக்கம் பட்டிக்கா பஞ்சம்!

தாலுகா அலுவலகத்தில் பழைய கோப்பு இல்லை என்றார்கள். வம்சாவளி தேடும் ஃபேமிலிசெர்ச் தளத்திலும் கிடைக்கவில்லை. அப்பா பெயரே இனிஷியலாகும் நம்மவர்களைக் குடும்பப் பெயர் கேட்டால் எப்படித் தேடுவது? குலதெய்வம் மதுரை காளியம்மன் என்பதால், அந்தக் கோயில் இருக்கும் தொட்டியம் போய் விசாரித்தோம். பங்காளி என்று யாரும் அகப்படவில்லை.

கொள்ளுத்தாத்தா 1920களில், இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிற கூலிகளைத் தங்கவைத்துச் சோதித்த மண்டபம் முகாம் வழியாக இலங்கை போனவர். அந்த முகாமின் பழைய பதிவேடுகளை இப்போது எங்கே பார்க்கலாம்?