ரெட் டெட் 2: யூடியூபில் பார்த்தவருக்குக் குதிரைக்காக அழ உரிமை உண்டா?

இரண்டாமாண்டுக்காரன்:
திங்கட்கிழமை எங்களுக்கு இரண்டாம் ஆண்டின் முதலாம் அரையாண்டு ஆரம்பமாகிறது. திருகோணமலை, கோணேசபுரி வளாகத்தில் காலை எட்டு மணி விரிவுரை, எண்பது வீத வரவு, மாலையில் கணினி ஆய்வுகூடம் என்று பொழுது போய்விடும் என்பதால், விடுமுறையில் பார்த்தவற்றையும் முடித்தவற்றையும் இப்போதே பதிந்துவிடுகிறேன். படங்களில் ‘மெய்யழகன்’ மனத்தை விட்டு அகலவில்லை. ‘மகாராஜா’வை, அதன் சம்பவங்கள் முன்னும் பின்னுமாக அடுக்கப்பட்டிருந்த விதத்துக்காகவே இரண்டாம் முறையும் பார்த்தேன். கேம்களில் ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ முடித்தேன். அதை ஓட்டக்கூடிய கணினி என்னிடம் இல்லாததால், ஒருவர் தொடக்கம் முதல் இறுதிவரை விளையாடிப் பதிவேற்றியதை யூடியூபில் பார்த்தேன். என்றாலும் அதன் கதாநாயகன் ஆர்தரின் குதிரை இறக்கும் கட்டத்தில், விளையாடியவர் எவருக்கும் குறையாமல் நானும் அழுதேன். உங்களுடைய பட்டியலையும் எழுதுங்கள்.

உவர்மலையான்:
தம்பி, யூடியூபில் பார்த்ததை முடித்த கணக்கில் எழுதியதைக்கூட இளவயது என்று பொறுத்துக்கொள்ளலாம். குதிரையைப் பற்றி எழுதிய வரியை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தக் குதிரைக்கு நீர் தீனி கொடுக்கவில்லை, சேறு படிந்தபோது தேய்த்துவிடவில்லை, துப்பாக்கிச் சத்தத்தில் மிரண்டபோது கழுத்தைத் தட்டி அமைதிப்படுத்தவும் இல்லை. குதிரைக்கும் ஆர்தருக்குமான பிணைப்பு நான்கு நிலைகளில் மெல்ல மெல்ல உயர்வது என்பதையும், ஒவ்வொரு நிலைக்கும் விளையாடுபவர் தன் நேரத்தைச் செலவழித்தே ஆகவேண்டும் என்பதையும் அந்தக் காணொளியில் எத்தனை தடவை பத்து விநாடி தாண்டிச் சென்று பார்த்தீரோ, நான் அறியேன். இசபெல்லா ஏரிக்கரைப் பனியில் அலையும் வெள்ளை அரபுக் குதிரையை, அது என்னை மறுபடி மறுபடி தூக்கி எறிந்த பின்பும் விடாமல் பிடித்துப் பழக்கியவன் நான். ஆறாம் அத்தியாயத்தின் முடிவில் அது சுடப்பட்டு விழுந்து, ஆர்தர் அதனருகே மண்டியிட்டு நன்றி சொன்னபோது இறந்தது என் குதிரை. உமக்கு அது யாரோ ஒருவருடைய குதிரை. அழுதீர் என்றால் நம்புகிறேன்; எவருக்கும் குறையாமல் அழுதேன் என்று மட்டும் எழுதாதீர்.

கொட்டியாரக்கரை:
உவர்மலை அண்ணா, குதிரை எப்படியும் சாகும். நீங்கள் தேய்த்தாலும் சாகும், தேய்க்காவிட்டாலும் சாகும். வெள்ளையானாலும் கறுப்பானாலும் அதே இடத்தில், அதே துவக்குச் சூட்டில் சாகும். அந்தக் கேம் வெளிவந்த 2018 ஒக்ரோபர் 26ஆம் திகதிக்கு முன்பே அதை எழுதியவர்கள் அந்தச் சாவைத் தீர்மானித்துவிட்டார்கள். அதில் உங்கள் விரலுக்கு என்ன பங்கு?

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கணினிப் பதிப்புக்கு 150 ஜிபி இடம் வேண்டும். பரிந்துரைக்கப்பட்ட கிராபிக்ஸ் கார்ட் 6 ஜிபி, நினைவகம் 12 ஜிபி. மூதூரில் கைத்தொலைபேசி டேட்டாவில் விரிவுரைக் குறிப்பைத் தரவிறக்கவே மாதக் கடைசியில் யோசிக்கிறோம். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டிருந்தபோது, நாங்கள் கைத்தொலைபேசிக்கு மின்னேற்ற வரிசையில் நின்றோம். குதிரைக்குத் தீனி போட்டதைப் பெருமையாக எழுதுபவர்கள் அந்த வசதி யாருக்கு இருந்தது என்பதையும் சேர்த்து எழுதினால் நன்று.

உவர்மலையான்:
என் கணினி நான் பகுதிநேர வேலை செய்து, பழைய உதிரிப்பாகங்களாக ஒவ்வொன்றாய்ச் சேர்த்தது. மின்வெட்டு உவர்மலைக்கும் இருந்தது. இருட்டு முகவரி கேட்டு வரவில்லை. வசதி இல்லாததால் விளையாடவில்லை என்றால் அதை மதிக்கிறேன். ஆனால் வசதி இல்லை என்பது குதிரையை உம்முடையதாக்கிவிடாது.

குதிரை எப்படியும் சாகும் என்கிறீர். எந்தக் குதிரை என்பதல்லவா கேள்வி? அந்தக் கேமில் குதிரை இடையில் எப்போது வேண்டுமானாலும் செத்துவிடலாம். பாறையில் மோதி, ஓநாயிடம் அகப்பட்டு, தண்டவாளத்தில் ரயிலில் அடிபட்டு என்று எத்தனையோ வழிகள் உண்டு. உயிர்ப்பிக்கும் மருந்து பையில் இல்லையென்றால் அந்தக் குதிரை நிரந்தரமாகப் போய்விடும். கடைசிக் காட்சிவரை அதே குதிரையை உயிரோடு கொண்டுவந்து சேர்ப்பது விளையாடுபவரின் பொறுப்பு. அவ்வளவு காலம் காத்த ஒன்றை அந்த ஓரிடத்தில் காக்க முடியாமற் போவதுதான் அந்தக் காட்சியின் வலி. காணொளி பார்ப்பவர் எதையும் காக்கவில்லை.

இரவுப்பறவை:
மிக்க நன்றி. நான் இன்னும் நான்காம் அத்தியாயத்தில் செயின்ட் டெனி நகரத்தில் நிற்கிறேன். குதிரை இறக்கும் என்பதை இப்போதுதான் அறிந்தேன். தலைப்பிலேயே போட்டிருக்கிறீர்கள், நான் இங்கே வந்தது யாருடைய தவறு என்றும் இனி விவாதிப்பீர்கள்.

உவர்மலையான்:
2018இல் வந்த கேமின் முடிவை இவ்வளவு காலம் கழித்தும் மறைத்து வைக்க வேண்டுமென்றால், கோணேசர் கோயில் மலையுச்சியில் இருக்கிறது என்பதையும் முதல்முறை வருகிறவரிடம் மறைக்கத்தான் வேண்டும். நீர் விரைவாக விளையாடும்.

திரைப்பித்தி:
படம் பார்ப்பவள் என்ற முறையில் நானும் ஒரு வார்த்தை சொல்கிறேன். ‘மெய்யழகன்’ படத்தில், ஊரைவிட்டுப் போகும்போது கதாநாயகன் விட்டுச் சென்ற ஒரு பழைய சைக்கிள் இன்னொரு குடும்பத்தின் வாழ்க்கையையே மாற்றிவிடுகிறது. விட்டுச் சென்றவருக்கோ அது நினைவில்கூட இல்லை. அந்த உண்மை தெரியவரும் இடத்தில் திரையரங்கில் என்னைச் சுற்றி இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர்களில் எவரும் அந்தச் சைக்கிளை மிதித்ததில்லை, அதன் சங்கிலிக்கு எண்ணெய் விட்டதில்லை. உவர்மலையான் அவர்களின் கணக்குப்படி அவர்கள் அழுதது அரைகுறை அழுகையா? அப்படியானால் உலகில் இதுவரை படம் பார்த்து அழுத அத்தனை பேருடைய கண்ணீரையும் நீங்கள் தரம் பிரிக்க வேண்டியிருக்கும்.

உவர்மலையான்:
அக்கா, படம் பார்ப்பதற்காகவே எடுக்கப்பட்டது. அதில் பார்ப்பவருக்கு வேறு வேலை ஒதுக்கப்படவில்லை. ஆகவே பார்ப்பவர் முழுமையாகவே பார்க்கிறார். கேமில் பாதி வேலை விளையாடுபவரிடம் விடப்பட்டிருக்கிறது. அந்தப் பாதியை வேறொருவர் செய்ய, நீங்கள் மீதியைப் பார்த்தால், கிடைப்பது மீதிதான். சைக்கிளையும் குதிரையையும் ஒன்றாகக் கட்ட வேண்டாம்.

முழுமையைப் பற்றிக் கதைக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்: அந்தப் படத்திலிருந்து, வெளியான சில நாட்களிலேயே ஏறத்தாழ 18 நிமிடங்கள் வெட்டப்பட்டன. நீங்கள் பார்த்தது எந்தப் பதிப்பு?

திரைப்பித்தி:
வெட்டுவதற்கு முன்பிருந்த பதிப்பையே பார்த்தேன். வெட்டியதுதான் தவறு என்பது என் உறுதியான கருத்து. இரவு முழுக்க இரண்டு ஆண்கள் கதைத்துக்கொண்டிருப்பதைப் பொறுமையாகப் பார்க்கத் தெரியாதவர்களுக்காக அந்தப் படத்தைக் குறைத்திருக்கக் கூடாது.

இரவுப்பறவை:
நான் வெட்டிய பதிப்பைப் பார்த்தேன். அதுவே நீளமாகத்தான் இருந்தது.

திரைப்பித்தி:
ஒரு கேமில் நான்காம் அத்தியாயத்தைத் தாண்டாமல் ஆண்டுக்கணக்கில் நிற்கக்கூடியவருக்குப் படம் நீளமாகத் தெரிவது வியப்பாக இருக்கிறது.

கோட்டைவாசல்:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் பிரெட்ரிக் கோட்டை வழியாகத் தினமும் போய்வருகிறேன். அங்கே சுற்றித் திரியும் புள்ளிமான்களுக்கு வாழைப்பழத்தோல் கொடுக்கும் வழக்கம் எனக்கு நெடுநாளாக உண்டு. ஒரு மான் என்னைக் கண்டால் எழுந்து வரும். உவர்மலையான் அவர்களின் வாதப்படி அந்த மான் என்னுடையது. ஆனால் கோயிலுக்கு வரும் சுற்றுலாப் பயணி தோலை நீட்டினாலும் அதே மான் அதே வேகத்தில் எழுந்து வருகிறது. தீனி கொடுப்பதால் உரிமை வந்துவிடுவதில்லை என்பதை அந்த மான் எனக்குக் கற்றுத் தந்திருக்கிறது. பிணைப்பு நான்கு நிலை என்று திரையில் எழுதிக் காட்டினால் அது பாசமாகிவிடுமா? அது ஓர் எண்.

உவர்மலையான்:
மான் உம்மைச் சுமந்துகொண்டு துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே ஓடியதா? ஓடவில்லை. வேறு உதாரணம் கொண்டு வாரும்.

கொட்டியாரக்கரை:
குதிரை எப்படியும் சாகும் என்று நான் சொன்னதற்கு இன்னும் நேரான பதில் வரவில்லை. உயிரோடு காப்பது உங்கள் பொறுப்பு என்றீர்கள். இடையில் குதிரை செத்தால் என்ன செய்வீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்: பழைய சேமிப்பை ஏற்றி, அது செத்ததே நடக்காதது போலத் தொடர்வீர்கள். சாவை அழித்து எழுத முடிந்தவர் சாவின் வலியைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுக்கிறார். யூடியூபில் பார்த்த எங்களுக்கு அந்த வசதி இல்லை. அந்த விளையாட்டாளரின் முதல் குதிரை இரண்டாம் அத்தியாயத்தில் ரயிலில் அடிபட்டுச் செத்தபோது செத்ததுதான். அவர் திரும்ப ஏற்றவில்லை. நாங்களும் அதோடு சேர்ந்து இழந்தோம்.

அதோடு, இதே இடத்தில் ‘எல்டன் ரிங்’ கேம் பற்றி நடந்த விவாதம் எனக்கு மறக்கவில்லை. ஆவிகளை உதவிக்கு அழைத்து வெல்பவர் வென்றவரே அல்லர் என்று மூன்று பக்கத்துக்கு எழுதியவரும் நீங்கள்தான். கடைசியில் மெலேனியா என்ற கடினமான எதிரியை மிமிக் டியர் துணையோடுதான் வென்றீர்கள் என்பது உங்கள் கேமில் பதிவாகியிருந்த காணொளியிலிருந்தே வெளிப்பட்டது.

உவர்மலையான்:
மிமிக் டியர் கேமுக்குள்ளேயே தரப்பட்ட ஆவி. அதை அழைத்ததும் என் விரல், வாளை வீசியதும் என் விரல். அந்தக் காணொளியை இந்த இடத்துக்கு இழுத்துவந்த நோக்கம் எல்லோருக்கும் விளங்குகிறது. அதைப் பற்றி வேறிடத்தில் எழுதுவேன்.

இங்கே பொருள் குதிரை. அதற்கும் முன்னால் நடப்பதைப் பாரும். ஆர்தருக்குக் காசநோய் எப்படித் தொற்றியது? கடனைத் திருப்பிக் கேட்கப் போய் டவுன்ஸ் என்ற ஏழை விவசாயியை அடிக்கும்போது. அந்த அடியை அடிப்பதற்குப் பொத்தானை அழுத்தியவன் நான். அவர் இருமி, இரத்தம் ஆர்தரின் முகத்தில் தெறிக்கும்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பல மணி நேரம் கழித்து ஆர்தர் தெருவில் சுருண்டு விழுந்து வைத்தியரிடம் போகும்போதுதான், நான் அழுத்திய பொத்தானின் விலை அது என்று உறைத்தது. பார்த்தவருக்கு ஆர்தர் ஒரு தவறு செய்தார். எனக்கோ நான் செய்தேன்.

திரைப்பித்தி:
அடிக்காமல் விட உங்களால் முடிந்ததா? அந்தக் கட்டத்தை அடிக்காமல் கடக்க வழியில்லை என்றுதான் என் தம்பி சொல்கிறான். தப்ப வழியில்லாமல் அழுத்த வைத்த பொத்தானுக்கு நீங்கள் எப்படிப் பொறுப்பாவீர்கள்? ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ 2013இல் கேமாக வந்தது, 2023இல் தொடராக வந்தது. எங்கள் அம்மா கேம் என்றால் கேரம் போர்டு என்று நினைப்பவர். தொடரின் முதற் பகுதியில் கதாநாயகனின் மகள் இறந்ததும் எழுந்து போய்க் குசினியில் நின்று அழுதார்.

உவர்மலையான்:
நீங்களே எனக்கு உதாரணம் எடுத்துத் தந்தீர்கள். கேமின் தொடக்கத்தில் நாம் இயக்குவது தந்தையை அல்ல, அந்த மகளைத்தான். இருண்ட வீட்டில் அப்பாவைத் தேடி அறை அறையாக அவளை நடத்திச் செல்வது நம் கை. சற்று முன்வரை நாமாக இருந்தவள்தான் இறக்கிறாள். முடிவில் மருத்துவமனையில் சத்திரசிகிச்சை செய்ய நிற்கும் வைத்தியரைக் கொல்லாமல் கேம் நகராது. விரலை எடுத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாலும் அது காத்திருக்கும். தொடரில் அந்தத் தந்தை ஜோயல் சுடுகிறான், நாம் பார்க்கிறோம். வழி இல்லாமற் செய்த பின்பும் என்னையே செய்ய வைப்பதுதான் அங்கே அழுத்தம். அம்மாவின் கண்ணீரை நான் குறை சொல்லவில்லை.

கொட்டியாரக்கரை:
வேறு வழியே இல்லாமல் சுட வைத்தார்கள் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அப்படியானால் குதிரை எப்படியும் சாகும் என்பதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

உவர்மலையான்:
எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்தக் குதிரை என்ற கேள்விக்கு நீர் இன்னும் பதில் சொல்லவில்லை.

கொட்டியாரக்கரை:
சொல்கிறேன். அந்த யூடியூபரின் குதிரை பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைக் கீற்று, பெயர் ‘பிஸ்கட்’. முதற் குதிரை செத்த பின் அவர் தொழுவத்தில் அதை வாங்கிய பகுதியும் எனக்கு நினைவிருக்கிறது. உங்கள் குதிரைக்குப் பெயராவது வைத்தீர்களா?

உவர்மலையான்:
‘கன்னியா’.

கோட்டைவாசல்:
பனியில் பிடித்த குதிரைக்கு வெந்நீரூற்றின் பெயரா? ஏழு கிணற்றில் ஒன்றையாவது கண்டவர் இப்படிப் பெயர் வைத்திருக்க மாட்டார்.

உவர்மலையான்:
நான் கன்னியாவில் குளித்த காலத்தில் நீர் பாலர் வகுப்பில் இருந்திருப்பீர். பெயர் வைத்த காரணத்தை விளக்க வேண்டிய கடமை எனக்கு இல்லை. நான்காம் நிலைப் பிணைப்போடு கன்னியா நிற்கும் படத்தை இன்றிரவு இங்கே பதிவேற்றுகிறேன். கொட்டியாரக்கரை தம் ‘பிஸ்கட்’ பின்னங்காலில் எழுந்து நிற்க எந்தப் பொத்தான்களை அழுத்த வேண்டும் என்று மட்டும் சொல்லட்டும்.

கொட்டியாரக்கரை:
அது எழுந்து நின்றதை நான் பார்த்தேன் அண்ணா. அழுத்தியவர் அழுத்தினார். படத்தைப் போடுங்கள், பார்க்கிறோம். பார்ப்பதில்தான் எங்களுக்குப் பயிற்சி அதிகம்.