அந்தர மினுக்கமா, விரைமினுக்கமா?

வணக்கம் சேர்,

வாகனத்தின் சிக்னல் விளக்கு வழக்கத்தைவிட வேகமாக மினுங்குவதை ஆங்கிலத்தில் hyper flashing என்கிறார்கள். அதற்கு நம் அகராதியில் போட நீங்கள் முன்வைத்த "மிகைமினுக்கம்" எனக்குக் கொஞ்சம் இடறுகிறது. மிகை என்றதும் வெளிச்சம் கூடிவிட்டது என்றுதான் ஆட்கள் நினைப்பார்கள். எல்இடி போடுகிறவர் ஆசைப்படுவதும் அதைத்தானே! இங்கே கூடுவது வேகம்.

போன கிழமை என் காரின் பின் சிக்னல் குமிழ் இரண்டையும் எல்இடிக்கு மாற்றினேன். கல்லடிப் பாலம் தாண்டித் திரும்பச் சிக்னல் போட்டால் டிக்டிக்டிக் என்று ஒரே துடிப்பு. ஆரையம்பதிக் கராஜில் பாஸ் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மனே, சிக்னல் அந்தரப்படுது?" என்றார். எங்கள் பேச்சில் அந்தரப்படுவது என்றால் அவசரப்பட்டுப் பதறுவது. எனக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று.

ஏனென்றால் நடப்பதும் அதுதான். பழைய குமிழ் 21 வாட் இழுக்கும். எல்இடி மூன்று நாலு வாட்டோடு நின்றுவிடும். மின்னோட்டம் குறைந்ததும், குமிழ் ஒன்று எரிந்துபோயிற்று என்று, சிக்னலை மினுங்கவைக்கும் ரிலே எடுத்துக்கொள்கிறது. அதை ஓட்டுநருக்கு அறிவிக்கத்தான் அவசர அவசரமாக அடிக்கிறது. ஒழுங்கான சிக்னல் நிமிடத்துக்கு 60 முதல் 120 தரம் மினுங்க வேண்டும். பழைய, சூடேறி வேலை செய்யும் ரிலேயில் கதை நேர்மாறு: மினுக்கம் மந்தமாகும், சிலவேளை நின்றேவிடும். அதற்கு வேறு சொல் பார்க்க வேண்டும்.

ஆனால் தமிழகத்து நண்பர்களுக்கு அந்தரம் என்றால் ஆகாயத்தில் தொங்குவது. (எல்இடிக்கு அவர்கள் சொல்லும் "ஒளி உமிழ் டையோடு" எங்கள் பள்ளிப் புத்தகத்தில் "ஒளிகாலும் இருவாயி" ஆன மாதிரித்தான்.) ஆகவே அகராதிக்கு "விரைமினுக்கம்" போடுவோம், பக்கத்தில் "அந்தர மினுக்கம்" மட்டக்களப்பு வழக்கு என்று ஒரு குறிப்பு. அதை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

அடுத்தது, ரிலேயை ஏமாற்ற எல்இடிக்குச் சமாந்தரமாகப் பூட்டும் தடையி (resistor). "சுமைத்தடையி" பிழையில்லை. என்றாலும் "போலிச்சுமை" என்றால் அது எதற்கு என்பதும் விளங்கும். 6 ஓம் தடையி 12 வோல்ட்டில் 24 வாட்டைச் சூடாகவே கக்கும். நான் அவசரத்தில் அதைப் பிளாஸ்டிக் மூடியோடு சேர்த்துக் கட்டி, மூடி உருகிப்போனது. தகட்டில் ஆணி போட்டு இறுக்க வேண்டும் என்பதையும் விளக்கக் குறிப்பில் எழுதிவிடுங்கள். எல்இடிக்கென்றே வரும் ரிலேயை மாற்றினால் இந்தச் சூடே இல்லை; நானும் கடைசியில் அதைத்தான் செய்தேன்.

ரிலேயை இந்த மடலில் ரிலே என்றே விட்டிருக்கிறேன். அதற்குத் தனியாக ஒரு மடல் தொடங்குங்கள், சேர்.