புதுப்பிப்பு: தங்கை பி.எஸ்சி. நர்சிங்கிலேயே சேர்ந்துவிட்டாள்

மூன்றாண்டு டிப்ளமோவா, நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங்கா என்று தங்கைக்காகக் கேட்டிருந்தேன். பி.எஸ்சி.யிலேயே சேர்த்துவிட்டோம், தஞ்சாவூர்ப் பக்கம். டிப்ளமோ முடித்தவர்கள் பட்டம் பெற மேலும் 2 ஆண்டு போஸ்ட் பேசிக் படிக்க வேண்டும் என்று ஒருவர் எழுதியதுதான் அப்பாவை அசைத்தது. குறுவை நெல் விற்ற பணம் முதல் தவணைக்குப் போயிற்று.

மொத்தம் 8 செமஸ்டர். முதலிலேயே உடற்கூறியலும் உடலியங்கியலும். 206 எலும்புகளின் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டே கொல்லையில் பாத்திரம் துலக்குகிறாள். உளவியல், சமூகவியல் வேறு. நர்ஸுக்குச் சமூகவியல் எதற்கு என்கிறார் அத்தை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தால் அப்படிக் கேட்கமாட்டார்!

தமிழ் வழியில் படித்தவளுக்கு ஆங்கிலப் பாடநூல்கள்தான் இன்னும் மலைப்பு. சேரப்போகிறவர்கள் இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரத்தையும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பையும் முதலில் பாருங்கள். விடுதிக் கட்டணத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.