அண்ணனுக்கு வயிறு உப்பல், கால் வீக்கம்: குடியை ஒரேயடியாக நிறுத்தலாமா?

கேள்வி (தங்கச்சிமடம்):
அண்ணன் விசைப்படகில் போகிறவர், வயது 43. பல வருடமாகத் தினமும் குடி. கை கால் மெலிந்து வயிறு மட்டும் பெருத்துக்கொண்டே வருகிறது. காலை அமுக்கினால் குழி விழுகிறது. கண் மஞ்சள். உள்ளங்கால் எரிச்சலில் ராத்திரி தூக்கமில்லை. கருவாடும் கஞ்சியும்தான் இறங்குகிறது. ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் மொத்தமாக விட்டுவிடுகிறேன் என்கிறார். வீட்டிலேயே நிறுத்தலாமா?

பதில் (பாம்பன், செவிலியர்):
தங்கச்சி, தடைக்காலம் வரை காத்திருக்காதீங்க. ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் சேர்ந்த மாதிரி தெரிகிறது. ஸ்கேன் பார்த்தால்தான் உறுதி. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே கூட்டிப் போங்க.

விட நினைக்கிறாரே, அதுவே எனக்குச் சந்தோஷம். ஆனால் வீட்டில் வைத்து நிறுத்த வேண்டாம். தினமும் குடித்த உடம்புக்கு, நிறுத்திய முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அப்புறம் பிதற்றல், இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிவது. உயிரே போகும். மருத்துவமனையில் மாத்திரை கொடுத்துப் படிப்படியாக இறக்குவார்கள், வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். சோர்வாக இருக்கிறாரே என்று பக்கத்தில் எங்கேயாவது வெறும் குளுக்கோஸ் ஏற்றிவிடாதீங்க. பி1 இல்லாமல் ஏற்றினால் மூளை பாதிக்கலாம். கால் எரிச்சல் நரம்புக் கோளாறு, அதையும் டாக்டரிடம் சொல்லுங்க.

கருவாட்டை இன்றே நிறுத்துங்க. உப்புதான் நீரை உடம்பிலேயே தேக்குகிறது. பச்சை மீன், முட்டை, பருப்பு கொடுங்க, உப்பைக் குறைத்து.

இரத்த வாந்தி, தார் மாதிரி கறுப்பு மலம், ஆள் தெரியாத குழப்பம், இதில் எது வந்தாலும் 108.

கேட்டவர்:
நன்றி அக்கா. குதிகாலில் கெளுத்தி முள் குத்திய புண் ஆறவில்லை. உப்புத்தண்ணி பட்டால் ஆறும் என்று கடலில் போய் நிற்கிறார்.

செவிலியர்:
ஐயோ, வேண்டவே வேண்டாம்! வெதுவெதுப்பான கடல் நீரில் விப்ரியோ என்று ஒரு கிருமி உண்டு. ஈரல் கெட்டவருக்குப் புண் வழியாக ஏறினால் ஓரிரு நாளில் இரத்தத்தில் பரவிவிடும். சிவந்து கொப்புளம் கட்டினாலோ காய்ச்சல் அடித்தாலோ அந்த நிமிடமே கிளம்புங்க. வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடவும் கூடாது.

பதில் (மண்டபம்):
என் வீட்டுக்காரரையும் இப்படித்தான் கூட்டிப் போனோம். கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்க, மருந்தின் அளவே அதை வைத்துத்தான். அவர் கூச்சப்படுவார், அண்ணியும் கூட வரட்டும். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, கட்டணம் இல்லை.